ஒத்துப் பார்த்த படி

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்து ஹனூரைத் தாண்டி, இருபுறமும் குன்றுகள் நெருங்கி வரும் வழியில் கௌதள்ளியில் நிற்கும். கன்னடமும் தமிழும் ஒரே கடை வாசலில் புழங்கும் ஊர். இங்கே நிலம் வைத்திருப்பவர் பயிர்க்கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ கையில் கொண்டு போகவேண்டிய தாள் ஒன்று உண்டு. அதிகாரிகள் அதை ஆர்.டி.சி. என்பார்கள், ஊரில் பஹணி என்பார்கள். சர்வே எண், பரப்பளவு, யார் பேரில் இருக்கிறது, என்ன பயிர், என்ன கடன் என எல்லாம் அந்த ஒரு தாளில் அடங்கும்.

நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் கணக்குதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. 1799 வரை அந்தக் கணக்குக்குத் தலைமை ஸ்ரீரங்கப்பட்டணம். அந்த ஆண்டு திப்பு வீழ்ந்ததும் கொள்ளேகால் பகுதி கம்பெனியின் கைக்குப் போய், சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆனது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்து மைசூர் மாவட்டத்துக்கு வந்தது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. அதற்கு இருபது ஆண்டு கழித்து ஹனூர் தனித் தாலுகா என்று அறிவிக்கப்பட்டது. இன்றும் பழைய பழக்கத்தில் பலர் முகவரியில் மைசூர் என்றே எழுதுகிறார்கள். இதற்கு நடுவே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கணக்கு காகிதத்தை விட்டுவிட்டு ஒரு தாலுகா அலுவலகக் கணினியின் வட்டுக்குள் போய், பின்னர் பெங்களூரில் இருக்கும் தரவு மையத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு முறை கை மாறும்போதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படி எடுத்திருக்கிறார். எடுத்த படியை மூலத்தோடு ஒத்துப் பார்த்தாரா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர் இருந்தது. இன்று பேக்கப் மென்பொருள் பழுதானால் தரவுத்தள சர்வரின் முன்னால் உட்காரும் பொறியாளர் தேடுவதும் இதையேதான். ஆகவே படி எடுத்து ஒத்துப் பார்க்கும் இந்தத் தொழிலின் வரலாற்றைக் கணினியில் இருந்து தொடங்குவது சரியாக இருக்காது.

மைசூர்ச் சீமையின் பழைய ஊர்க் கணக்கரான சானுபோகர் கணக்கு எழுதியது சீலையில். நீளமான பருத்தித் துணிக்குப் புளியங்கொட்டைப் பசையும் கரித்தூளும் கலந்து பூசி, உலர்த்தி, விசிறி மடிப்பாக மடித்து, மேலும் கீழும் மரப்பலகை வைத்துக் கட்டுவார்கள். கன்னடத்தில் கடத என்றும் கடித என்றும் பெயர். சிருங்கேரி மடத்தின் கடிதங்கள் இன்றும் பேசப்படுபவை. தமிழின் பழைய அகராதிகளிலும் கடிதம் என்ற சொல்லுக்குப் பிசின் பூசிய சீலை என்ற பொருள் உண்டு. அஞ்சலில் வரும் கடிதம் அந்தச் சீலைக்குப் பிற்பட்டது.

கறுத்த அந்தத் துணியில் எழுதுவது மாக்கல் குச்சியால். எழுத்து பல ஆண்டுகள் நிற்கும், பூச்சி எளிதில் அரிக்காது. ஆனால் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும், அதே இடத்தில் புதிதாக எழுதலாம். கணக்கருக்கு இது பெரிய வசதி, குடியானவருக்குப் பெரிய ஆபத்து. துடைத்து எழுதிய வரிக்குக் கீழே முன்பு என்ன இருந்தது என்று கேட்க வழியில்லை. நேற்றைய பேக்கப்பின் மேலேயே இன்றைய பேக்கப்பை எழுதும் சர்வரிலும் நிலைமை இதேதான். தவறு நுழைந்த நாள் மூன்று வாரத்துக்கு முந்தையது என்று தெரியும்போது, கையில் இருப்பது தவறு நுழைந்த பிறகு எடுத்த படி மட்டும்.

கல்லில் எழுதியவர்களுக்கு வேறு சிக்கல். துடைக்க முடியாது, ஆனால் கோயிலைப் பிரித்துக் கட்டினால் கல்லே போய்விடும். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் காவிரிக்கரையின் பழைய கோயில்களைக் கற்றளிகளாக எடுத்துக் கட்டியபோது இந்தச் சிக்கல் நேரில் வந்து நின்றது. திருக்கோடிக்காவலில் அவர் என்ன செய்தார் என்பது சுவரிலேயே இருக்கிறது. பல்லவர் காலம் தொட்டுச் சிதறிக் கிடந்த கற்களில் இருந்த கொடைச் சாசனங்களைப் படித்து, புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அவ்வாறு வெட்டியவற்றில், இது ஒரு பழங்கற்படி என்று குறித்தும் வைத்தார்கள். அந்தச் சொல் மிக நேர்மையானது. தான் மூலம் அல்ல, படி என்று அந்தக் கல் சொல்லிவிடுகிறது. படி ஏறிய பிறகு பயன்படாத பழைய கற்களைக் கழித்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

திருமழபாடியிலும் இதே கதை, இன்னும் ஒழுங்காக. முதலாம் இராஜராஜன் அங்குள்ள விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் ஏற்றச் சொன்னான். கட்டி முடிந்த பிறகு, மகன் இராஜேந்திரன் காலத்தில், புத்தகத்தில் இருந்தவை மறுபடி கல்லில் ஏறின. பிரிப்பதற்கு முன் படி, வேறொரு பொருளில் படி, கட்டிய பின் படியில் இருந்து மீட்பு. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பேக்கப்பை எடுத்து, பல ஆண்டு பாதுகாத்து, ரெஸ்டோர் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

இந்த வகைப் படிகளுக்கு நம் காலத்தின் பெரிய கிடங்கு மைசூரில்தான் இருந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியில் இருந்து மைசூருக்கு வந்தது. கல்லைக் கழுவி, ஈரக்காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. 1880-களில் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ஷ் தொடங்கி எத்தனையோ பேர் ஊர் ஊராக நடந்து இதை எடுத்தார்கள். திருப்பணியில் சுண்ணாம்பு அடித்தும் மணல் வீச்சால் தேய்த்தும் கல்லில் எழுத்து போன இடங்களில், அந்தக் காகிதம்தான் இன்று சாட்சி. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றவேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்த கவலையும் அந்தக் காகிதங்களின் ஆயுளைப் பற்றியதுதான்.

கௌதள்ளிக்குத் திரும்பலாம். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான காலத்தில் இந்த மலையடிவாரத்து ஊர்களின் கணக்கு, சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறைப்படி ஓடியது. குடியானவர் ஒவ்வொருவரும் அரசோடு நேரடிக் கணக்கு. அதனால் ஒவ்வொரு புலத்துக்கும் தனிக் கணக்கு. 1887-ல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கொள்ளேகாலையும் உள்ளடக்கிய மாவட்டத்தைப் பற்றியது. மலைக்கு மேலே தனியாகக் கிடந்த அந்தத் தாலுகாவுக்கும் கீழ்நாட்டுக்கு இருந்த அதே கணக்கு, அதே படிவங்கள்.

அந்தக் கணக்கு முறையின் அச்சாணி ஊர்க் கணக்கரான கர்ணம். எந்தப் புலத்தில் எந்தப் போகத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்பது அடங்கல். பட்டாதாரர் வாரியாக எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை என்பது சிட்டா. விற்றது, வாங்கியது, செத்தவர் பெயரை எடுத்தது எல்லாம் மாறுதல் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் கிராமக் கணக்கு எண் உண்டு. அடங்கல் இரண்டாம் எண், சிட்டா பத்தாம் எண். இவை கர்ணத்தின் வீட்டு மரப்பெட்டியில் இருக்கும். தாலுகா கச்சேரியில் அதே ஊருக்கான தாலுகாக் கணக்கு தனியாக இருக்கும். நிலத்தின் அளவு வரைந்த புலப்படத்துக்கு ஊரில் ஒரு படி, தாலுகாவில் ஒரு படி, இன்னொன்று சென்னைச் சேப்பாக்கத்தின் மத்திய நில அளவை அலுவலகத்தில். வயலில் நட்ட சர்வே கல்லையும் சேர்த்தால் நான்காவது.

கணினிக்காரர்கள் இன்று 3-2-1 விதி என்று சொல்வது உண்டு. மூன்று படி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறிடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தம் படங்களைக் காப்பாற்ற இந்த நூற்றாண்டில் பரப்பிய விதி. காகிதம், கல், வேறூர் என்று சென்னை மாகாண வருவாய்த்துறை இதைப் பெயர் வைக்காமலே நடத்தியிருக்கிறது. ஆனால் மூன்று படி இருப்பதால் மட்டும் எதுவும் நிச்சயமாகிவிடாது. மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

அதற்கு இருந்த மருந்துதான் ஜமாபந்தி.

வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். அது முடியும் வேளையில், கோடையில், கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தாலுகாவுக்கு வந்து முகாம் போடுவார். ஒவ்வொரு ஊர்க் கர்ணமும் தன் கணக்குக் கட்டுகளை மஞ்சள் துணியிலோ சாக்கிலோ சுமந்துகொண்டு வருவார். ஊர்க் கணக்கும் தாலுகாக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கப்படும். ஒருவர் படிப்பார், மற்றவர் பார்ப்பார். கூட்டல் ஒத்து வராத இடத்தில் நிறுத்தி, எந்த மாறுதல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறவில்லை என்று தேடுவார்கள். ஆண்டு நடுவில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வயலுக்கே போய் அடங்கலில் எழுதிய பயிர் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் ஆஸ்மாயிஷ் வேறு நடந்திருக்கும். ஒத்து வந்தபின்தான் அந்த ஆண்டுக் கணக்கு முடியும்.

இந்தச் சடங்கை இன்று பலர் மனுக் கொடுக்கும் நாளாக மட்டுமே அறிவார்கள். ஆனால் அதன் உயிர் ஒத்துப் பார்ப்பதில் இருந்தது. படி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடவில்லை. படியைத் திறந்து, மூலத்துக்கு எதிரே வைத்து, வரிக்கு வரி படித்தார்கள். அதையும் விபத்து நடந்த பிறகு அல்ல, விபத்து எதுவும் இல்லாத ஆண்டிலும், ஒவ்வோர் ஆண்டும். சோம்பலும் கைக்கூலியும் அதில் நுழைந்தது உண்மை. எத்தனையோ ஜமாபந்திகளில் கையெழுத்து மட்டும் விழுந்திருக்கும். ஆயினும் அந்த நாள் காலண்டரில் இருந்ததே பெரிய காவல்.

மைசூர் மாநிலத்துக்கு வந்தபின் படிவங்கள் மாறின. பரம்பரைக் கிராமப் பதவிகளை நீக்கும் சட்டம் அங்கே 1961-லேயே வந்தது. தமிழ்நாட்டில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில்தான் போயின. சானுபோகர் இருந்த இடத்தில் சம்பளத்துக்கு வந்த கிராமக் கணக்கர் அமர்ந்தார். 1964-ன் நில வருவாய்ச் சட்டத்தின் கீழ் பஹணி என்ற ஆர்.டி.சி. நிலைபெற்றது. பொறுப்பு ஒருவர் கையில்தான் இருந்தது. மூன்று நான்கு ஊருக்கு ஒரு கணக்கர், பஹணிப் புத்தகம் அவரிடம். அவரைத் தேடிப் பிடித்தால்தான் நகல். தேடிப் பிடித்தாலும் கையூட்டுக் கொடுத்தால்தான் நகல் என்பது மாநிலம் முழுவதும் இருந்த குறை.

அதை உடைக்க வந்தது பூமி திட்டம். மத்திய அரசின் நில ஆவணக் கணினிமயத் திட்டம் 1980-களின் கடைசியிலேயே தொடங்கியிருந்தும் பல இடங்களில் தட்டச்சு செய்த தரவு கிடங்கில் உறங்கியது. கர்நாடகத்தில் வருவாய்த்துறையின் ராஜீவ் சாவ்லா தலைமையில், தேசியத் தகவலியல் மையம் எழுதிய மென்பொருளோடு, 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வேலை முடுக்கிவிடப்பட்டது. மாநிலத்தின் 177 தாலுகாக்களில் சுமார் 2 கோடிப் பஹணிகள், சுமார் 67 லட்சம் விவசாயிகளின் பெயர்கள் கணினியில் ஏறின. அச்சிட்ட சரிபார்ப்புத் தாள்கள் கிராமக் கணக்கர்களிடம் போய்த் திருத்தி வந்தன. தாலுகா அலுவலக ஜன்னலில் அன்று 15 ரூபாய் கொடுத்தால் நகல் கிடைத்தது. பெயர் மாற்றும் அதிகாரி விரல் ரேகை வைத்துத்தான் கணினிக்குள் நுழையவேண்டும். மனுக்கள் வந்த வரிசையிலேயே தீரவேண்டும்.

பிறகு வந்தது மிகத் துணிச்சலான முடிவு. கணினி தொடங்கிய தாலுகாவில் கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று அறிவித்தார்கள். அதைச் செய்யாமல் திட்டம் வென்றிருக்காது, இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடியிருந்தால் பழைய பெட்டியே வென்றிருக்கும். ஆனால் அந்த அறிவிப்பு வந்த நாளில் இருந்து ஒரு தாலுகாவின் நில உரிமை முழுவதும் கச்சேரியின் ஓர் அறையில் இருந்த ஒரு சர்வரைச் சார்ந்து நின்றது. மின்சாரம் போய்வரும் ஊர்களில், கோடை வெப்பத்தில், யு.பி.எஸ். பேட்டரியின் தயவில். அதுவரை பேக்கப் என்ற சொல்லைக் கேட்டிராத அலுவலகங்களில் அது அன்றாட வேலையானது.

அந்தச் சர்வர்களில் ஓடியது மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர். இவ்வகைத் தரவுத்தளம் தன் கணக்கை இரண்டு இடத்தில் எழுதுகிறது. தரவுக் கோப்பு சிட்டாவைப் போன்றது. பரிவர்த்தனை லாக் மாறுதல் கணக்கைப் போன்றது, எந்த மாற்றமும் முதலில் அதில்தான் ஏறும். அதனால் பேக்கப்பும் பல வகை. முழு பேக்கப் எல்லாவற்றின் படி. டிஃபரன்ஷியல், கடைசி முழுப் படிக்குப் பின் மாறியவற்றின் படி. லாக் பேக்கப், மாறுதல் கணக்கின் படி. மூன்றும் சங்கிலியாகக் கோத்திருந்தால், மதியம் 2 மணிக்கு வட்டு செத்தாலும், கடைசி லாக் படி எடுத்த 1 மணி 45 நிமிடம் வரை மீட்கலாம். லாக் படிகளில் ஒரு கண்ணி விட்டால் அதற்குப் பிந்தைய லாக் அதன்மேல் ஏறாது.

பழுது பார்க்கும் தொழிலில் பழகியவர்கள் இதில் வழக்கமாக வரும் நோய்களை வரிசையாகச் சொல்வார்கள். மிகச் சாதாரணமானது லாக் வீக்கம். முழு மீட்பு முறையில் தரவுத்தளத்தை வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்க மறந்தால், பழைய பதிவுகள் கழியாமல் லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் வட்டு நிறைந்து பெயர் மாற்றம் எதுவும் பதிவாகாமல் ஜன்னலில் வரிசை நிற்கும். இரண்டாவது கடவுச்சொல். பேக்கப் சேவை ஓடும் கணக்கின் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருப்பார், மென்பொருளுக்குச் சொல்லியிருக்க மாட்டார். இரவு 11 மணிக்கு அது கதவைத் தட்டித் திரும்பிப் போய்விடும், தோல்வியை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்காது.

கண்டுபிடிக்க மிகக் கடினமானது மூன்றாவது. அதில் எதுவுமே பழுதாகி இருக்காது. தரவுத்தள நிர்வாகி ஞாயிறு இரவு முழு பேக்கப், மற்ற இரவுகளில் டிஃபரன்ஷியல் என்று ஏற்பாடு செய்திருப்பார். சர்வர் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இன்னொரு குழு, தம் பங்குக்கு ஒரு மென்பொருளை நிறுவி, புதன்கிழமை இயந்திரத்தை மொத்தமாகப் படி எடுக்கும். அந்த மென்பொருள் விண்டோஸின் நிழற்படி வசதி வழியாகத் தரவுத்தளத்தை ஒரு கணம் நிறுத்தி எடுக்கும் படியும் முழு பேக்கப்பாகவே கணக்கில் ஏறலாம். ஏறினால், வியாழன் இரவு டிஃபரன்ஷியல் ஞாயிற்றுக்கிழமைப் படியை விட்டுவிட்டுப் புதன்கிழமைப் படியை அடிப்படையாகக் கொள்ளும். இரண்டு குழுவின் திரையிலும் பச்சை விளக்கு. வெள்ளிக்கிழமை விபத்து நேர்ந்து, ஞாயிற்றுப் படியின் மேல் வியாழன் படியை ஏற்றப் போனால் தரவுத்தளம் ஏற்காது. இரண்டு கர்ணங்கள் ஒரே ஊருக்குத் தனித்தனி மாறுதல் கணக்கு வைத்த கதை. 2005-ம் ஆண்டுப் பதிப்பில் இருந்து, அடிப்படையைத் தொடாமல் எடுக்கும் தனிவகைப் படியை அந்நிறுவனமே கொடுத்தது. அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று இரண்டாவது குழுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இதைப் பிடிக்க, அனுபவம் உள்ளவர் மென்பொருளைத் திட்டுவதில் நேரம் போக்குவதில்லை. சர்வர் தன் எம்.எஸ்.டி.பி. என்ற உள்தரவுத்தளத்தில் எந்தப் படியை யார் எப்போது எடுத்தார் என்று எழுதி வைத்திருக்கும். முதலில் அதைப் படிப்பார். தான் எதிர்பாராத ஒரு பெயர் புதன்கிழமைக்கு நேரே நிற்பதைக் காண்பார். ஜமாபந்தியில், தாலுகாக் கணக்கில் இருந்து ஊர்க் கணக்கில் இல்லாத மாறுதலைத் தேடும் அதே கண்தான்.

படியைச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு. கோப்பு முழுதாக இருக்கிறதா, படிக்க வருகிறதா என்று அது சொல்லும். உள்ளே இருக்கும் அட்டவணைகள் ஒழுங்காக உள்ளனவா என்று சொல்லாது. புத்தகத்தில் பக்கங்கள் எண்ணிக்கை சரி என்பதற்கும் எழுத்து சரி என்பதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டாவதை அறிய ஒரே வழி வேறொரு இயந்திரத்தில் அதை மீட்டு ஏற்றி, ஒருமைப்பாட்டுச் சோதனை ஓட்டி, சில பஹணிகளை அச்செடுத்து ஒத்துப் பார்ப்பது. அதற்குத் தனி இயந்திரமும் ஒரு நாளும் ஒரு ஆளும் வேண்டும். செலவுக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவது இதுவாகத்தான் இருக்கிறது, பெரிய பெரிய இடங்களிலும்.

2017 ஜனவரி 31 இரவு, உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களை வைத்திருக்கும் கிட்லேப் தளத்தில், களைத்துப்போன ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழிக்கும் கட்டளையைத் தட்டினார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் ஓடவேண்டிய படி ஒழுங்காக ஓடவே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, படி எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, இரண்டும் ஒத்துவராமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வரே ஏற்காமல் திருப்பியிருந்தது. தற்செயலாக வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த படி ஒன்று கிடைத்தது. அதில் இருந்து மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் வெளியிட்டார்கள், அந்த அறிக்கை இன்றும் பழுது பார்ப்போருக்குப் பாடம்.

இலங்கையில் அந்தத் தற்செயலும் வாய்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சல் சேவையைப் பிணைப்பணத் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசு முகவரி கொண்ட சுமார் 5,000 கணக்குகள். மீட்டு வந்தபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களுக்குப் படியே இல்லை என்று தெரிந்தது. இணையத்தில் எப்போதும் இணைந்திருந்த படிகளையும் தாக்குதல் பூட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு மேலான அரசுக் கடிதப் போக்குவரத்து போயிற்று. அதன் பிறகே தினசரி இணைப்பில்லாப் படி எடுக்க ஏற்பாடு நடந்தது. ஊர்ப் பெட்டியும் தாலுகா அலமாரியும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரே தீ போதும்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று நடந்தது இதற்கு மறுபக்கம். தாக்குதலில் சர்வர்கள் பூட்டப்பட்டு, நோயாளிப் பதிவு நாட்கணக்கில் கையால் நடந்தது. ஆனால் மருத்துவமனை மென்பொருளின் தரவு, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரில் பிழைத்திருந்தது. புதிய இயந்திரங்களில் அதை ஏற்றி மீட்டார்கள்.

கர்நாடகத்தில் தாலுகா சர்வர்களின் தரவு காலப்போக்கில் பெங்களூர் மாநிலத் தரவு மையத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. இன்று கௌதள்ளிக்காரர் கைப்பேசியிலேயே தன் பஹணியைப் பார்க்கலாம். ஆனால் பேக்கப் எவ்வளவு செம்மையாக நடந்தாலும் தீராத ஒரு பழுது மிஞ்சியது. 2000-ஐ ஒட்டித் தட்டச்சு செய்தபோது நுழைந்த பிழைகள். பரப்பளவில் ஒரு எண் விட்டது, தகப்பன் பெயர் மாறியது. அன்று முதல் ஒவ்வோர் இரவும் அந்தப் பிழை மிக ஒழுங்காகப் படி எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. எந்த இரவின் பேக்கப்பை மீட்டாலும் பிழையோடுதான் வரும். கந்தாய அதாலத் என்று ஊர் ஊராக முகாம் போட்டு, பழைய காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லித் திருத்தவேண்டியிருந்தது. செல்லாது என்று அறிவித்த காகிதமே சாட்சிக்கு வந்து நின்றது. அந்தக் காகிதங்களைக் குப்பைக்குப் போடாமல் கட்டிக் காத்த ரெக்கார்டு அறை ஊழியர்களுக்கு இந்த மாநிலத்தின் விவசாயிகள் பெரிய கடன் பட்டிருக்கிறார்கள்.

அந்த அறைகளின் முறையும் இப்போது வந்திருக்கிறது. பூசுரக்ஷா என்ற பெயரில் கர்நாடக வருவாய்த்துறை 2024-ல் தாலுகா ரெக்கார்டு அறைகளின் பழங்கட்டுகளை ஸ்கேன் செய்யத் தொடங்கியது. சிவப்புத் துணியை அவிழ்த்து, தூசி தட்டி, ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து எடுக்கிறார்கள். எடுத்த பிம்பத்துக்கு ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்து, கோப்பில் உள்ள பக்க எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்து ஏற்றவேண்டும். கொள்ளேகால் பக்கத்துப் பழங்கணக்கு என்றால் அங்கே அமர்ந்திருப்பவருக்குக் கன்னடத்தோடு, கோயம்புத்தூர்க் காலத்துப் படிவங்களும் அவற்றின் சுருக்கெழுத்துகளும் தெரிந்திருக்கவேண்டும். ஒருவர் படிக்க, மற்றவர் திரையைப் பார்க்க, அடுத்த தாள் கண்ணாடிக்குப் போகிறது.